இரு சகோதரிகளின் பள்ளத்தாக்கு

கேள்வி கேட்பது சுலபம். விடை தேடிப் போவதற்குத்தான் பிரயாணச் செலவு ஆகிறது. சென்ற பங்குனி மாதத்தில், அமெரிக்காவின் மொஹாவிப் பாலைவனத்தில், கரிந்துபோன ஒரு மரத்தின் அடியில் நின்றுகொண்டு நான் ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு விடை சொல்வதற்காக என் மருமகன் மறுநாள் பொழுது புலர்வதற்கு முன்பே என்னை எழுப்பி, மோட்டாரில் ஏற்றி, நூறு மைலுக்கு மேல் வடக்கே அழைத்துச் சென்றான். அந்தக் கேள்வியையும் விடையையும்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மருமகன் என்றது என் தமக்கையின் குமாரனை. அவனுக்கு லாஸ் வேகாஸ் நகரத்தில் உத்தியோகம். அந்த நகரத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இரவைப் பகலாக்கும் விளக்குகளும், பகலை இரவாக்கும் சூதாட்ட மண்டபங்களும் நிறைந்த ஊர். தருமபுத்திரர் அங்கே போயிருந்தால் வனவாசத்துக்கு வெகு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. ஊர் எல்லையைத் தாண்டினால் எந்தத் திக்கிலும் பாலைவனந்தான். நல்ல வேளையாக என் மருமகனுக்குச் சூதாட்டத்தில் நாட்டமில்லை, பாலைவனத்தில்தான் நாட்டம். ஓய்வு நாட்களில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பூதக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, மரங்களையும் பூக்களையும் எண்ணுகிறவர்களோடு சேர்ந்து புறப்பட்டு விடுகிறான்.

முதல் நாள் அவன் என்னை அழைத்துச் சென்ற இடத்துக்குச் சீமா என்று பெயர். லாஸ் வேகாஸுக்குத் தென்மேற்கே, கலிபோர்னியா மாகாணத்துக்குள் சிறிது தூரம் போக வேண்டும். பெரிய தாம்பாளம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தது போல், நிலம் மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழ்கிறது. அந்தத் தாம்பாளத்தின்மேல் ஒரு காலத்தில் பெருங்காடு இருந்தது. உலகத்தில் யோசுவா மரங்கள் மிக நெருங்கி வளர்ந்த காடுகளில் அது ஒன்று.

யோசுவா மரத்தை வர்ணிப்பது எளிதல்ல. நம் ஊர் ரயில் பாதையோரங்களில் முள் நீட்டி நிற்கும் ஆனைக் கற்றாழைக்கு அது தூரத்து உறவு. கற்றாழை ஒன்று பனைமரமாக வேண்டும் என்று தவம் செய்யத் தொடங்கி, பாதித் தவத்தில் மனம் மாறி, கள்ளியாகலாமா என்று யோசித்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது அதன் கோலம். கிளைகள் கோணல் மாணலாக ஆகாயத்தை நோக்கிக் கைகளைத் தூக்கியிருக்கின்றன. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஈட்டி போன்ற இலைகள் கொத்தாக நிற்கின்றன. 1844-ம் ஆண்டில் அந்தப் பக்கம் யாத்திரை செய்த பிரேமாண்ட் என்பவர், தாவர உலகத்தில் இதைவிட அருவருப்பான மரம் தாம் கண்டதில்லை என்று எழுதி வைத்துவிட்டார். பின்னால் வந்த மார்மன் மதத்தினர் அவ்வளவு பொல்லாதவர்கள் அல்ல. தங்கள் வேதத்தில் வரும் யோசுவா கைகளை உயர்த்தி வழி காட்டுவதுபோல் இருக்கிறது என்று எண்ணி, அவர்கள் இந்தப் பெயரை வைத்ததாகச் சொல்லுகிறார்கள்.

நான் பார்த்த காடு வழி காட்டும் நிலையில் இல்லை. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அங்கே மின்னல் விழுந்து தீப் பிடித்தது. 43,000 ஏக்கருக்கு மேல் எரிந்து போயிற்று. அத்தீயில் மாண்ட யோசுவா மரங்கள் சுமார் 13 லட்சம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய வரையில் கரிய கைகள் ஆகாயத்தை நோக்கி நீண்டிருந்தன. காற்று வீசியபோது சலசலக்க ஓர் இலை இல்லை.

"மறுபடியும் நட்டுப் பார்க்கிறார்கள், மாமா. தொண்டர்கள் வந்து ஆயிரக்கணக்கில் நாற்று நட்டார்கள். வண்டி போகாத இடங்களுக்குச் சுமை கொண்டுபோக ஒட்டகங்களைக்கூடக் கொண்டு வந்தார்கள். ஆனால் மழை இல்லாமலும், முயல், எலிகள் கடித்தும் பெரும்பாலான நாற்றுகள் பட்டுப் போய்விட்டன" என்றான் மருமகன்.

யோசுவா மரம் வருஷத்துக்கு ஓரிரண்டு அங்குலம் வளர்ந்தால் அதிகம். இன்று நட்ட கன்று முதல் பூவைப் பூப்பதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிடும். அப்பொழுதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"மேற்கே, கலிபோர்னியாவின் உள்பக்கத்தில், இதே மரம் இன்னும் லட்சக்கணக்கில் இருக்கிறது என்கிறாயே, அங்கிருந்து நாலு மூட்டை விதை கொண்டு வந்து இறைத்தால் காரியம் தீர்ந்து போகாதா?"

மருமகன் சிரித்தான். "மாமா, 'இதே மரம்' என்று சொன்னீர்களே, அங்கேதான் சிக்கல் இருக்கிறது. நாளைக்கு உங்களை வேறோர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன். அங்கே வந்து பார்த்துவிட்டு, இதே கேள்வியை மறுபடி கேளுங்கள்."

* * *

மறுநாள் நாங்கள் வடக்கே சென்றோம். லாஸ் வேகாஸின் கடைசி விளக்கு மறைந்த பிறகு நெடுந்தூரத்துக்கு வீடு வாசல் கிடையாது. இரு பக்கமும் மொட்டை மலைகள். நடுவே நூல் பிடித்தது போன்ற சாலை. பிறகு திடீரென்று ஒரு பச்சைக் கோடு தோன்றியது. அது பாரனகட் என்னும் ஏரிப் பிரதேசம். தண்ணீரும், நிழல் மரங்களும், வலசைப் பறவைகளுமாய்க் கண்ணுக்குக் குளிர்ச்சி தந்துவிட்டு, வந்தது போலவே அது மறைந்து போயிற்று. அதற்கு அப்பால் இடப்பக்கம் ஒரு சாலை பிரிந்தது. அதன் முகப்பில் ஒரு பெரிய பச்சைப் பலகை. அதைப் படித்துவிட்டு, என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் படித்தேன். 'வேற்றுலகவாசிகள் நெடுஞ்சாலை' என்று அதில் எழுதியிருந்தது.

"விளையாட்டல்ல, மாமா. 1996-ம் ஆண்டில் நெவாடா மாகாண சர்க்கார் வைத்த பெயர்" என்றான் மருமகன்.

அந்த மலைகளுக்கு அப்பால் ராணுவத்தின் இரகசிய விமானத் தளம் ஒன்று இருக்கிறது. இரவு நேரத்தில் வானத்தில் விசித்திரமான ஒளிகளைக் கண்டதாகப் பலர் சொல்லுகிறார்கள். ராணுவ விமானமாயிருக்கலாம் என்று நினைப்பதைவிட, வேறு கிரகத்தார் வந்து போகிறார்கள் என்று நினைப்பதில் மனிதருக்குச் சுவை அதிகம். ஆகவே தேசமெங்குமிருந்து ஜனங்கள் இங்கே வந்து, இரவெல்லாம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

"பறக்கும் அதிசயம் இங்கே உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க அண்ணாந்து பார்க்கக் கூடாது, குனிந்து பார்க்க வேண்டும்" என்றான் அவன்.

சாலை ஒரு கணவாயின்மீது ஏறி இறங்கியது. கீழே அகன்ற பள்ளத்தாக்கு ஒன்று விரிந்தது. அதற்கு டிக்கபூ என்று பெயர். சரிவெல்லாம் யோசுவா மரங்கள். சீமாவின் கரிக்காட்டைப் பார்த்த கண்ணுக்கு அந்தப் பசுமை எவ்வளவு ஆறுதலாயிருந்தது என்று சொல்லி முடியாது! அதிர்ஷ்டவசமாக மரங்கள் பூத்திருந்தன. இம்மரம் ஆண்டுதோறும் பூப்பதில்லை. குளிரும் மழையும் ஒத்து வந்த வருஷத்தில்தான் நன்றாகப் பூக்கும்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, தாழ்ந்து நின்ற ஒரு கிளையிடம் போனோம். பூங்கொத்து ஒவ்வொன்றும் ஒரு பெரிய வாழைப்பூ அளவு இருந்தது. வெண்மையும் பசுமையும் கலந்த தடித்த இதழ்கள். தொட்டால் தோல் போல் இருக்கின்றன. வாசனையும் அவ்வளவு சிலாக்கியமானதல்ல. மருமகன் ஒரு பூவின் இதழ்களை மெதுவாக விலக்கினான். உள்ளே, விரல் நகத்தளவுகூட இல்லாத ஒரு பூச்சி ஒடுங்கிக் கிடந்தது. சாம்பலும் கருமையும் கலந்த நிறம். நம் வீட்டில் பழைய அரிசி மூட்டையை அவிழ்த்தால் பறக்குமே, அந்த அந்துப் பூச்சியைப் பார்ப்பது போலவே இருந்தது.

"இதற்காகவா நூறு மைல்?" என்றேன்.

"இது இல்லாவிட்டால் இந்தக் காடே இல்லை" என்றான் அவன்.

* * *

அந்தச் சின்னஞ் சிறு அந்துவின் தொழிலை நேயர்கள் தெரிந்துகொள்வது அவசியம். மற்றப் பூச்சிகள் தேன் குடிக்கப் பூவுக்கு வருகின்றன. வந்த இடத்தில் உடம்பில் ஒட்டிய மகரந்தத்தைத் தங்களை அறியாமலே அடுத்த பூவில் சேர்க்கின்றன. இந்த அந்துவோ அறிந்தே செய்வதுபோல் காரியம் செய்கிறது. பெண் அந்துவின் வாய்ப்புறத்தில், வேறெந்தப் பூச்சிக்கும் இல்லாத இரண்டு சிறு கைகள் போன்ற உறுப்புகள் உண்டு. அவற்றால் அது மகரந்தத்தைச் சுரண்டி, நம் பெண்கள் மாவை உருட்டுவதுபோல் உருட்டி, மோவாய்க்கு அடியில் இடுக்கிக்கொள்கிறது. பிறகு வேறொரு பூவுக்குப் பறந்து போகிறது.

பூவின் நடுவே விதைகள் உண்டாகும் சூற்பை இருக்கிறது. அதன்மேல் கழுத்துப் போல் ஒரு தண்டு. அந்துவின் வால் முனையில் ஊசி போன்ற ஓர் உறுப்பு உண்டு. அந்த ஊசியைக் கழுத்தின் வழியாக உள்ளே செலுத்தி, இளம் விதைகளின் பக்கத்தில் அது முட்டையிடுகிறது. முட்டையிட்டபின், கழுத்தின் உச்சிக்கு ஏறி வந்து, தான் கொண்டுவந்த மகரந்தத்தை அங்கே அழுத்தி வைக்கிறது. பூ காயாகிறது, காயில் விதைகள் திரள்கின்றன, முட்டையிலிருந்து வெளிவரும் புழு அவற்றில் சிலவற்றைத் தின்று வளர்கிறது. மீதி விதைகள் மரத்துக்கு. வளர்ந்த புழு தரையில் விழுந்து, மண்ணுக்குள் கூடு கட்டிக்கொண்டு, மரம் மீண்டும் பூக்கும் காலத்துக்குக் காத்திருக்கிறது.

யோசுவா மரத்துக்கு மகரந்தம் சேர்ப்பது இந்த அந்து மட்டுமே. அந்துவின் புழுவுக்கு இந்த மரத்தின் விதையைத் தவிர வேறு ஆகாரம் கிடையாது. ஒன்று போனால் மற்றதும் போகும். நம் அத்தி மரத்துக்கும் அதன் காய்க்குள்ளே புகும் சிறு குளவிக்கும் இப்படிப்பட்ட உறவுதான். அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே பூச்சி என்று முகம் சுளிக்கிறோம். அந்தப் பூச்சி இல்லாவிட்டால் அத்தி வம்சமே இல்லை என்பதை நினைப்பதில்லை.

யோசுவா மரம் யக்கா என்னும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக் குடும்பத்தின் இரகசியம் முதலில் வெளிப்பட்டது 1872-ம் ஆண்டில். மிசௌரி மாகாணத்தில் செயின்ட் லூயி நகரத்தில் இருந்த எங்கல்மன் என்ற வைத்தியர் தாவர சாஸ்திரத்திலும் வல்லவர். யக்கா பூவில் மகரந்தம் தானாகப் போய்ச் சேர வழியில்லை என்பதைக் கண்டு, அம்மாகாணத்தின் பூச்சி நிபுணரான சார்லஸ் ரைலியிடம் சொன்னார். ரைலி இரவில் தோட்டத்தில் விளக்குடன் காத்திருந்து, அந்துவின் வேலையைக் கண்டறிந்தார். சார்லஸ் டார்வின் 1874-ம் ஆண்டில் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதை வெகுவாக வியந்திருக்கிறார். யோசுவா மரத்தின் அந்து வேறோர் இனம் என்று கண்டு, 1892-ம் ஆண்டில் ரைலி அதற்கு 'சிந்தெடிகா' என்று நாமகரணம் செய்தார். ஒரு மரம், ஒரு பூச்சி, கணக்கு நேராகிவிட்டது. அதன் பிறகு 111 வருஷ காலம் அந்தக் கணக்கை ஒருவரும் திருத்தவில்லை.

* * *

"இப்பொழுது சுற்றிலும் பாருங்கள், மாமா. மரங்கள் எல்லாம் ஒன்றாக இருக்கின்றனவா?" என்று மருமகன் கேட்டான்.

பார்த்தேன். எல்லாம் கோணல், எல்லாம் முள். "ஒரே அச்சில் வார்த்தவை" என்றேன்.

அவன் வாதாடவில்லை. வண்டியை எடுத்து, பள்ளத்தாக்கின் குறுக்கே சில மைல் ஓட்டிச் சென்று நிறுத்தினான். "இப்பொழுது?"

இரண்டாம் முறை பார்த்தபோதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், மூன்றாம் முறையும் தெரியவில்லை. பிறகு அவன் கிளை பிரியும் இடத்தைக் கவனிக்கச் சொன்னான். அப்பொழுதுதான் திரை விலகியது. கிழக்குப் பக்கத்தில் நாங்கள் பார்த்த மரங்கள் குட்டையானவை. தரையிலிருந்து சிறிது உயரத்திலேயே இரண்டாகவும், மறுபடி இரண்டாகவும் பிரிந்து, புதர் போல் அடர்ந்திருந்தன. மேற்குப் பக்கத்து மரங்களோ, முதலில் ஒரே தண்டாக ஓங்கி வளர்ந்து, பிறகே கைகளை விரித்திருந்தன. இலையும் சற்று நீளம். ஒரு தடவை தெரிந்துவிட்டால், பிறகு தெரியாமல் இருக்க முடியவில்லை! இரட்டைப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போன விருந்தாளி, முதல் நாள் இருவரையும் ஒருவன் என்று எண்ணிப் பலகாரத்தை ஒருவனுக்கே இருமுறை கொடுப்பான். நாலு நாள் பழகிய பிறகு தன் அறியாமையை நினைத்துத் தானே சிரிப்பான். என் நிலையும் அப்படித்தான்.

இந்த வித்தியாசத்தை மெக்கெல்வி என்ற அம்மையார் 1935-ம் ஆண்டிலேயே எழுதினார். கிழக்கத்திய மரத்தை ஒரு தனி வகை என்று குறித்து, பாலைவன இயற்கையை ஆராய்ந்த எட்மண்ட் ஜேகரின் பெயரை அதற்குச் சூட்டினார். ஆனால் வகை வேறு, இனம் வேறு. நம்மில் ஒட்டு மாம்பழமும் நாட்டு மாம்பழமும் இல்லையா, அதுபோல ஒரே இனத்தின் இரண்டு சாயல் என்றே பலரும் கருதி வந்தார்கள். பூச்சியோ இரண்டு பக்கத்திலும் ஒன்றே என்று எண்ணினார்கள்.

அந்தப் பூச்சியை மீண்டும் எடுத்துப் பார்த்தவர், ஸ்வீடன் தேசத்தில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த ஓலே பெல்மிர். அவருக்கு ஒரு பழைய அநுபவம் இருந்தது. வேறு யக்காக்களில் வாழும் ஒரு வெள்ளை அந்துவில், சில பூச்சிகள் மகரந்தம் வைக்காமலே முட்டையிட்டுவிட்டுப் போவதை முன்னோர் கண்டிருந்தார்கள். நல்ல குடும்பத்தில் சில சோம்பேறிகள் என்று அவர்கள் நினைத்தார்கள். பெல்மிரும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்ததில், சோம்பேறிகள் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே அல்ல, அதே உடை உடுத்துப் புகுந்த வேறு இனம் என்று தெரிந்தது. மகரந்தம் சுமக்கும் கைகளே அவற்றுக்கு இல்லை. 1999-ம் ஆண்டில் அவர் கணக்கெடுத்து முடித்தபோது, ஒன்று என்று எண்ணியிருந்த அந்துவுக்குள்ளிருந்து பத்துக்கு மேற்பட்ட இனங்கள் வெளிவந்தன.

பிறகு அவரும் காரி செக்ரேவ்ஸ் என்ற அம்மையாரும் யோசுவா மரத்துக்கு வந்தார்கள். பாலைவனத்தின் பல மூலைகளிலிருந்தும் அந்துக்களைச் சேகரித்தார்கள். நிறத்தை நம்பவில்லை. பூச்சியின் நிறம் உத்தியோக உடுப்புப் போன்றது. உடுத்தியவர் யார் என்று அது சொல்லாது. உறுப்புகளை நுண்ணிய அளவுகோலால் அளந்தார்கள். டி.என்.ஏ. என்னும் பரம்பரைச் சரக்கை எடுத்து ஒப்பிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து பிள்ளைக்கு எழுதப்பட்டு வரும் ஏடு அது. பிரதி செய்யும்போது நேரும் சிறு பிழைகளை எண்ணினால், இரண்டு குடும்பங்கள் எவ்வளவு காலமாகப் பிரிந்திருக்கின்றன என்று தெரிந்துவிடும். மேற்கத்திய அந்துக்கள் ஒரு கட்சியாகவும், கிழக்கத்திய அந்துக்கள் மற்றொரு கட்சியாகவும் பிரிந்து நின்றன. உடம்பைப் பார்த்தாலும் மேற்கத்தியது பெரியது, முட்டையிடும் ஊசி நீளமானது. கிழக்கத்தியது சிறியது, ஊசியும் குட்டை. 2003-ம் ஆண்டில் அவர்கள் கிழக்கத்திய அந்துவைப் புதிய இனமாக வெளியிட்டார்கள். 'சிந்தெடிகா' என்பது சேர்க்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே இதற்கு, எதிரானது என்று பொருள்படும்படி, 'ஆன்டிதெடிகா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். உண்மையில் இவை எதிரிகள் அல்ல. ஒரே தாய் இனத்திலிருந்து பிரிந்த சகோதரிகள். நாம் அக்காள், தங்கை என்றே சொல்லலாம்.

பூச்சி இரண்டு என்று தெரிந்த பிறகு, மரத்தைப் பார்த்த கண்ணும் மாறியது. ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பக்கத்துப் பூக்களையும் அறுத்து, ஒவ்வோர் அங்கமாக அளந்து, 2008-ம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். இதழ், காம்பு, சூற்பை எல்லாவற்றையும்விட அதிகமாக வேறுபட்டிருந்தது, அந்துவின் ஊசி நுழைய வேண்டிய அந்தக் கழுத்தின் நீளந்தான். மேற்கே கழுத்து நீளம், ஊசியும் நீளம். கிழக்கே கழுத்துக் குட்டை, ஊசியும் குட்டை. பூட்டும் சாவியும்போல் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. இதற்கு முந்தின ஆண்டில்தான் லீ லென்ஸ் என்ற தாவர நிபுணர், மரங்களையும் இரண்டு தனி இனங்களாகக் கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார்.

* * *

"அதெல்லாம் சரி, இந்தப் பள்ளத்தாக்குக்கு என்ன விசேஷம்?" என்றேன்.

"இரண்டு மரமும் இயற்கையாகக் கலந்து நிற்கும் இடம் இதுதான், மாமா. மற்ற இடங்களில் அக்காள் ராஜ்யம் வேறு, தங்கை ராஜ்யம் வேறு. இங்கே சில மைல் அகலத்துக்கு இருவரும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கிறார்கள். மரத்தை மாற்றிக் கொள்கிறார்களா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் ஏது?"

அதையும் பார்த்திருக்கிறார்கள். எந்த மரத்தின் பூவில் எந்த அந்து அகப்படுகிறது என்று இங்கே வருஷக்கணக்காகக் கணக்கெடுத்தார்கள். பெரிய அக்காள் தன் மரத்தை விட்டு அநேகமாக அசைவதில்லை. சின்னத் தங்கை சில வேளைகளில் அக்காள் மரத்துக்கும் போகிறாள்; ஆனால் அந்நிய மரத்தில் அவள் குஞ்சுகள் தன் மரத்தில் போல் செழிப்பதில்லை. இந்தப் போக்குவரத்தின் பலனாக, இரண்டு சாயலும் கலந்த மரங்கள் சில இங்கே நிற்கின்றன. மருமகன் அப்படி ஒரு மரத்தைக் காட்டினான். உயரம் நடுத்தரம், கிளைகள் நடுத்தரம். அதன் பூவில் எங்களுக்கு அந்து ஒன்றும் அகப்படவில்லை.

வெயில் ஏறிவிட்டது. வண்டியின் நிழலில் உட்கார்ந்து, என் தமக்கை மருமகனுக்கென்று என்னிடம் கொடுத்தனுப்பிய முறுக்கைத் தின்றோம். "சரி, நேற்றைய கேள்வியைக் கேளுங்கள்" என்றான்.

நான் கேட்கவில்லை. விடை எனக்கே தெரிந்துவிட்டது. சீமாவில் எரிந்தது கிழக்கத்திய மரம். தங்கையின் வீடு. மேற்கிலிருந்து நாலு மூட்டை விதையைக் கொண்டுவந்து அங்கே இறைத்திருந்தால், என் யோசனைப்படி மரம் முளைத்திருக்கலாம். முப்பது நாற்பது வருஷத்துக்குப் பிறகு பூத்திருக்கவுங்கூடும். ஆனால் அந்தப் பூவைத் தேடி வரும் அந்துவின் ஊசி குட்டை. பூவின் கழுத்தோ நீளம். பூட்டு ஒன்று, சாவி வேறு. காய் அரிதான காட்டை நட்டுவிட்டு, காட்டைக் காப்பாற்றினோம் என்று நான் சந்தோஷப்பட்டிருப்பேன். தங்கையின் கடைசிக் குஞ்சும் பசித்து மடிந்திருக்கும். அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதுகூடத் தெரியாமல் மடிந்திருக்கும்.

இந்த எண்ணம் வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. விஞ்ஞானிகள் மயிரைப் பிளந்து இரண்டாக்குகிறார்கள் என்று நாம் பரிகாசம் செய்கிறோம். ஒன்றுக்கு இரண்டு பெயர் வைப்பதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கிறோம். கணக்கில் ஒன்று என்று எழுதியிருந்தால், ஒன்று அழிந்த பிறகும் கணக்கில் ஒன்று மீதியிருக்கும். நஷ்டம் ஏற்பட்டதே தெரியாது. இரண்டு என்று எழுதிய பிறகுதான் இழந்ததை இழந்ததாக உணர முடிகிறது.

சட்டமும் பெயரைப் பார்த்தே நடக்கிறது. 2023-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் கலிபோர்னியா மாகாணம் யோசுவா மரத்தைப் பாதுகாக்க ஒரு சட்டம் செய்தது. அநுமதி இல்லாமல் மரத்தை வெட்டவோ பெயர்க்கவோ கூடாது என்பது அதன் சாரம். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'மேற்கத்திய யோசுவா மரம்' என்று இருக்கிறது. சட்டம் பிறந்த அதே மாதக் கடைசியில், சீமா இருக்கும் அதே பாதுகாப்பு வனத்தின் வேறொரு பகுதியில் மறுபடி பெருந்தீ மூண்டு, 90,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அதுவும் கிழக்கத்திய மரத்தின் நாடு. வெளியிலிருந்து வந்து பரவிய புற்கள் தீக்குத் தீனியாகின்றன. வெப்பமும் வறட்சியும் வருஷத்துக்கு வருஷம் மிகுகின்றன. தாழ்ந்த, உஷ்ணமான இடங்களில் முதிய மரங்கள் நிற்கின்றனவே தவிர, அவற்றின் கீழே இளங்கன்றுகளைக் காண்பது அரிதாகி வருகிறது. அக்காளுக்குக் கிடைத்த காவல் தங்கைக்கும் கிடைக்க வேண்டுமானால், தங்கை என்று ஒருத்தி உண்டு என்பதை ஜனங்கள் முதலில் அறிந்தாக வேண்டும்.

* * *

திரும்புவதற்கு முன்பு, அந்தச் சாலையில் அப்பால் இருந்த சிற்றூரில் காப்பி குடிக்கப் போனோம். நாலைந்து வீடுகளும் ஒரு சாப்பாட்டு விடுதியும்தான் ஊர். விடுதியின் சுவரெல்லாம் பறக்கும் தட்டுகளின் படங்கள். பெரிய கண்களுடன் பச்சை நிறப் பொம்மைகள் விற்பனைக்கு வைத்திருந்தார்கள். மேஜைக்குக் காப்பி கொண்டுவந்த மாது எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலில் கறுத்த முகம், தூசி படிந்த கால்சட்டை, கையில் பூதக் கண்ணாடி. நாங்களும் வேற்றுலகத்தாரைத் தேடி வந்தவர்கள் என்று முடிவு செய்துவிட்டாள்.

"ஏதாவது பறந்ததைக் கண்டீர்களா?" என்று அன்போடு விசாரித்தாள்.

"கண்டோம், அம்மா" என்றேன்.

அவள் காப்பிப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கிட்ட வந்தாள். "எத்தனை?"

"காலையில் நான் பார்த்தபோது ஒன்று. இப்பொழுது இரண்டு" என்றேன்.

மருமகன் தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, காலையில் வரைந்திருந்த இரண்டு பூக்களின் படத்தை அவளுக்குக் காட்டத் தொடங்கினான். விடுதியில் வேறு கூட்டமில்லை. அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.